கண்ணில் தொடங்கும் பெயர்



ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அரைமணி நேரம் கிடைத்தால் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் மேடேறிப் போகும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்து வாருங்கள். அங்கே ஒரு தாயும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். தாய் ஹென்ரியட்டா, மகள் ஹாரியட். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து 1822இல் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினாரே ஜான் சல்லிவன், அவருடைய மனைவியும் மகளும். நான் முதன்முறை போன நாளில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக் கல்லருகே குனிந்து நின்று, இருவருக்கும் பொதுவான அந்தக் குடும்பப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சல்லிவன்.

நமக்கு நன்றாகப் பழகிய பெயர்தான். எழுதுவதில் மட்டும் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. 2022இல் ஊட்டியின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது சல்லிவன், சலிவன், சுல்லிவன், சல்லீவன் என்று ஒரே வாரத்தில் நான்கு விதம் என் கண்ணில் பட்டது. இதில் எது சரி என்று கேட்டு ஒரு பள்ளி ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டு, இன்று உங்கள் முன் சொற்பொழிவாக வந்து நிற்கிறது.

அந்தப் பெயர் ஆங்கிலப் பெயரே கிடையாது. அது அயர்லாந்தின் பெயர். ஐரிஷ் மொழி பேசிய மக்கள் வாயால் சொன்னதை, அந்த மொழி தெரியாத ஒருவர் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்ததுதான் இன்று நாம் பார்க்கும் சல்லிவன். நமக்கு வந்து சேர்ந்ததே ஒரு ஒலிபெயர்ப்பு என்றால், அதை நாம் நான்கு விதமாக எழுதியதில் என்ன வியப்பு?

ஐரிஷில் அந்தப் பெயர் ‘ஓ சூலெவான்’. கடைசியில் வரும் ‘வான்’ நெடிலாக, அழுத்தமாக ஒலிக்கும். தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் வட்டார வழக்கில் அழுத்தம் அங்கேதான் விழுகிறது. முதலில் நிற்கும் ‘ஓ’ தனிச் சொல். பேரன், வழித்தோன்றல் என்று பொருள். ‘மாக்’ என்றால் மகன். ஐரிஷ் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களில் ஒன்றோடுதான் தொடங்கும். சூலெவான் என்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர் வழியில் வந்தவர்கள் ‘சூலெவானின் பேரன்’ ஆனார்கள். அந்த ‘-இன்’, நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை, ஐரிஷ் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மூதாதையின் பெயர் தனியாக நிற்கும்போது ஒரு முடிவு, ‘ஓ’வுக்குப் பின் வரும்போது வேறொரு முடிவு, இறுதி னகரம் இளகி ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதியபோது இந்த நுட்பம் முழுவதும் உதிர்ந்துபோயிற்று. ஆங்கில எழுத்தில் ‘ஓ’வுக்குப் பக்கத்தில் மேலே தொங்கும் சிறு கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். ஐரிஷில் அந்தக் கொக்கி இல்லை. ‘ஓ’வின் தலைமேல் ஒரு சாய்கோடு உண்டு, அது நெடில் குறி. அதற்கு அவர்கள் ‘ஃபாடா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீளமானது என்று பொருள்.

ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் வேரூன்றிய மிகப் பழைய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. கான்னக்ட் பகுதியில் 916இல் இறந்த ஒரு சிற்றரசரை ‘கிளேரியின் பேரன்’ என்று ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. கிளேரி உண்மையிலேயே அவருடைய பாட்டனார்தான். பேரனுக்குப் பேரனும் அதே பெயரை வைத்துக்கொண்டபோது உறவுச் சொல் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்து, தலைமுறைக்குத் தலைமுறை அதை மாற்றிக்கொண்டே போகிற நமக்கு, ஆயிரம் ஆண்டு ஒரே பாட்டனாரின் பெயரைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வதே கடினம்.

அந்தச் சூலெவான் யார், பெயருக்கு என்ன பொருள்? ‘சூல்’ என்றால் கண். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மிச்சப் பாதியில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ‘டுவ்’ என்றால் கருமை. ‘டுவான்’ என்றால் கரியவன். கண்ணும் கருமையும் புணர்ந்து, நடுவில் இருந்த டகர ஒலி கெட்டு, ‘கருங்கண்ணன்’ ஆயிற்று என்பார் ஒரு சாரார். 1923இல் ஐரிஷ் பெயர்களுக்குப் பெரிய அகராதி வெளியிட்ட பாதிரியார் பேட்ரிக் வுல்ஃப் இந்தப் பக்கம். ‘அவான்’ என்றால் ஒன்றே ஒன்று. ஆகவே ‘ஒற்றைக்கண்ணன்’ என்பார் மற்றொரு சாரார். எனக்குக் கருங்கண்ணன்தான் நெருக்கமாகப்படுகிறது. ஒரு குழந்தையைப் பார்த்ததும் தாய்க்குத் தோன்றுகிற பெயர் அது.

ஆனால் மக்களுக்கு அறிஞர்களின் விளக்கம் போதவில்லை. அவர்கள் ஒரு கதை சொன்னார்கள். ஸ்காட்லாந்திலிருந்து லவான் என்ற மந்திரவாதி இந்தக் குலத்தின் முன்னோரான யோஹியிடம் வந்தானாம். யோஹி இல்லை என்று சொல்லாத கொடையாளி. அது தெரிந்தே லவான் அவருடைய கண்ணைக் கேட்டான். யோஹி தம் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த துறவி ரூவான் மனம் பதறிக் கடவுளை வேண்ட, மந்திரவாதியின் கண்கள் இரண்டும் யோஹியின் முகத்தில் வந்து பொருந்தின. அன்றிலிருந்து ‘சூல் லவான்’, லவானின் கண், என்று பெயர் வந்ததாம். மொழியியல்படி இது நிற்காது. இருந்தாலும் நான் இந்தக் கதையை ஒதுக்கமாட்டேன். தங்கள் பெயருக்குள் ஒரு கண் இருக்கிறது என்பதை அந்த மக்கள் மறக்கவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தக் குலம் இன்று கார்க், கெர்ரி மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய சொந்த மண் அது இல்லை. டிப்பரரி மாவட்டத்தில், சுவர் ஆற்றங்கரையில், நாக்கிராஃபன் என்ற இடத்தைச் சுற்றிய வளமான சமவெளியில்தான் அவர்கள் இருந்தார்கள். 1169இல் நார்மானியர் அயர்லாந்தில் இறங்கினார்கள். 1192இல் நாக்கிராஃபனிலேயே தங்கள் கோட்டைக்காக மண்மேடு எழுப்பினார்கள். அந்த மேடு இன்றும் நிற்கிறது. சூலெவானின் வழியினர் மேற்கே, கல்லும் கடலும் மட்டுமே மிகுந்த தீபகற்பங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே இரண்டு கிளையானார்கள். கெர்ரியில் டங்கெரன் கோட்டையில் இருந்த மூத்த கிளையின் தலைவருக்கு ‘ஓ சூலெவான் மோர்’, பெரிய சூலெவான், என்று பட்டம். தெற்கே பேரா தீபகற்பத்தில், டன்பாய் கோட்டையில் இருந்தவருக்கு ‘ஓ சூலெவான் பேரா’. தலைவராக இருக்கும்வரை ஒருவருக்கு இடுபெயர் தேவையில்லை. குடும்பப் பெயரே பட்டம்.

இனி எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று பார்ப்போம்.

ஆங்கில அரசு அயர்லாந்தில் பெயர்களை எப்போதுமே கவனித்து வந்திருக்கிறது. 1465இல் ஒரு சட்டம் போட்டார்கள். டப்ளினைச் சுற்றிய ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர் ஒவ்வொருவரும் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்: ஓர் ஊரின் பெயர், அல்லது வெள்ளை, கறுப்பு, பழுப்பு என ஒரு நிறம், அல்லது கொல்லர், தச்சர் என ஒரு தொழில், அல்லது சமையற்காரர் போல ஒரு வேலை. இப்படி மொழிபெயர்ந்துபோன பெயர்கள் ஏராளம். கொல்லனின் மகன் என்று பொருள்படும் ‘மாக் கவன்’ குடும்பங்கள் பல இன்று வெறும் ஸ்மித். பொருள் தெரியாமல் மொழிபெயர்த்ததும் உண்டு. ‘மாக் கொன்ரீ’ என்ற பெயரின் கடைசியில் ‘ரீ’ என்று கேட்டது. ‘ரீ’ என்றால் அரசன். உடனே அந்தக் குடும்பங்கள் கிங் ஆகிவிட்டன. சூலெவான் அந்த வகையில் தப்பித்தது. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, காதால் கேட்டு எழுதினார்கள், அவ்வளவுதான்.

கேட்ட காதுகள் பலவிதம். மன்ஸ்டர் போரைப் பற்றி ஆங்கிலேயத் தரப்பில் 1633இல் வெளியான ‘பகாட்டா ஹைபர்னியா’ நூலில் ஓ சுலெவன் என்று இருக்கும். அதே போரைப் பற்றித் தோற்ற தரப்பில் ஒருவர் எழுதினார். பேராக் கிளையைச் சேர்ந்த ஃபிலிப். அவர் ஸ்பெயினில் அடைக்கலம் புகுந்து, லத்தீனில் எழுதி, 1621இல் லிஸ்பனில் அச்சிட்டார். அவர் பெயர் லத்தீன் அட்டையில் ஓசுல்லெவானுஸ் பெர்ருஸ் என்று ஆகிவிட்டது. இரண்டு வடிவங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு போர். அதைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும்.

1602 ஜூன் மாதம் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் கேரூ பெரும்படையோடு டன்பாய் கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர்கள் 143 பேர். கோட்டை விழுந்தது. தலைவரான டோனல் காம் அப்போது வெளியே இருந்தார். ‘காம்’ என்றால் வளைந்தவர். தோள் கோணல் என்பார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் அவர் கிளன்கேரிஃபிலிருந்து தம் மக்களோடு வடக்கே புறப்பட்டார். சுமார் 1,000 பேர். வீரர் 400 பேர் போக மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், வேலையாட்கள். நடுக்குளிர். வழியில் ஏறக்குறைய எல்லா ஊரும் பகை. ஷானன் ஆற்றங்கரைக்கு வந்தபோது படகு இல்லை. தங்கள் குதிரைகளையே கொன்று, தோலை மரச் சட்டங்களில் இழுத்துக் கட்டிப் படகாக்கினார்கள். கறியைத் தின்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு லெய்ட்ரிமில் நட்புத் தலைவரான ஓ ரூர்க்கின் கோட்டை வாசலில் வந்து நின்றவர்கள் 35 பேர். அதில் ஒருவர் பெண்.

மற்றவர்கள் எல்லாரும் இறந்துவிடவில்லை. பலர் வழியிலேயே பின்தங்கி, ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்த ஊரில் தங்கிவிட்டார்கள். டோனல் காம் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். 1618இல் மாட்ரிட்டில் கொல்லப்பட்டார். மன்ஸ்டரில் ஓ சூலெவான் என்பது அதன்பின் பட்டமாக இல்லை. தோற்றவர்களின் பெயராயிற்று.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்தப் பெயருக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. யாரும் பலவந்தமாகப் பிடுங்கவில்லை. நிலம் போயிற்று, மொழிக்கு மதிப்புப் போயிற்று. பதிவேட்டில் ‘ஓ’ இல்லாமல் இருந்தால் வேலை கிடைக்கும், குத்தகை கிடைக்கும், அதிகாரி முகம் சுளிக்கமாட்டார். மெல்ல மெல்ல மக்களே ‘ஓ’வை விட்டுவிட்டார்கள். பேரன் என்ற சொல் போனதும் மிஞ்சியது ‘சூலெவானின்’ என்ற வேற்றுமை வடிவம் மட்டும். யாருடைய பேரன், யாருடைய மகன் என்று சொல்லாமல் பாதி வாக்கியம் போல அந்தரத்தில் நிற்கிறது சல்லிவன்.

இடுபெயர்களும் தப்பவில்லை. ஐரிஷ் இடுபெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒலிக்கிற ஏதோ ஓர் ஆங்கிலப் பெயரை, அல்லது பைபிள் பெயரை, ஒட்டிவிட்டார்கள். டியர்மிட் என்பவர் ஜெரமையா ஆனார். டைக் என்பவர் திமோத்தி ஆனார். கில்கென்னி மாவட்டத்துக் காலன் ஊரில் 1827 முதல் 1835 வரை ஐரிஷ் மொழியில் நாட்குறிப்பு எழுதிய ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். வானிலை, சந்தை விலை, பசி, ஊர்வலம், பறவை எல்லாம் அதில் உண்டு. அவர் பெயர் அவ்லீவ் ஓ சூலெவான். அவ்லீவ் என்பது வைக்கிங்குகள் கொண்டுவந்த ஓலாஃப் என்ற பெயரின் ஐரிஷ் வடிவம். ஆங்கிலத்தில் அவரை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஹம்ஃப்ரி ஓ’சல்லிவன். ஓலாஃபுக்கும் ஹம்ஃப்ரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாளெல்லாம் ஐரிஷில் யோசித்து ஐரிஷில் எழுதிய மனிதரை, அவருடைய ஊர்ப் பதிவேட்டில் தேட வேண்டுமானால் ஹம்ஃப்ரி என்றுதான் தேட வேண்டும்.

பதிவேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1922இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தோடு பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் அதில் சாம்பலாயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. அதனால் அயர்லாந்தில் ஒருவர் தம் முன்னோரைத் தேடும்போது 1901, 1911 கணக்கேடுகளில் போய் முட்டிக்கொள்கிறார். 1911 படிவத்தைக் குடும்பத் தலைவரே தம் கையால் நிரப்ப வேண்டும். சிலர் அதை ஐரிஷிலேயே நிரப்பினார்கள். அந்தப் படிவங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. மொழி தெரியாத எழுத்தர் காதால் கேட்டு எழுதிய காலம் போய், பெயருக்குரியவரின் கைக்கே எழுதுகோல் வந்ததை அங்கே நேரில் காணலாம்.

அதற்குத் தூண்டுதலாக இருந்ததும் ஒரு சொற்பொழிவுதான். 1892 நவம்பர் 25 அன்று டப்ளினில் டக்ளஸ் ஹைட் பேசினார். அயர்லாந்து தன் ஆங்கிலமயத்தைக் களைய வேண்டியதன் அவசியம் பற்றிய பேச்சு அது. தங்கள் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் கழற்றி எறிந்த மக்களைப் பற்றி அதில் நெஞ்சு கொதித்துப் பேசினார். அடுத்த ஆண்டு, ஐரிஷ் மொழியை மீட்கும் இயக்கமான கேலிக் லீக் தோன்றியது. பின்னாளில், 1938இல், ஹைட் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியானார்.

அந்த இயக்கம் பெயருக்கு என்ன செய்தது என்பதை எட்வர்ட் மக்லைசாட் கணக்கிட்டுக் காட்டினார். அவர் அயர்லாந்தின் தலைமைக் குலமரபு அதிகாரி. லைசாட் என்று பிறந்து, தாமே ‘மாக்’கைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவர். பிறப்புப் பதிவுகளைப் புரட்டி அவர் எடுத்த கணக்கு இது: இந்தப் பெயருடைய குழந்தைகளில் 1866இல் ‘ஓ’வோடு பதிவானவர்கள் நூற்றுக்கு 4 பேர். 1890இல் 13. 1914இல் 20. 1944இல் 60. இந்த நான்கு எண்களையும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 4 என்ற எண்ணுக்குள் பஞ்சமும் பயமும் இருக்கின்றன. 60 என்ற எண்ணுக்குள், ஒவ்வொரு குழந்தைக்காகவும் பதிவு மேசை முன் நின்று “‘ஓ’ சேர்த்து எழுதுங்கள்” என்று சொன்ன ஒரு தகப்பன் அல்லது ஒரு தாய் இருக்கிறார்.

1890 கணக்குப்படி அயர்லாந்தில் மர்ஃபி, கெல்லி இரண்டுக்கும் அடுத்து மிக அதிகமானவர்களுக்கு இருந்த பெயர் சல்லிவன். அதிலும் பெரும்பகுதி கார்க், கெர்ரி இரண்டு மாவட்டங்களில். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர் என்று வேறு வழக்கம். பேராவில் ஒரு கிராமத்தில் நின்று டோனல் ஓ சூலெவான் என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே ஊர்க்காரர்கள் தந்தை பெயர், பாட்டனார் பெயர் என்று அடுக்கிச் சொன்னார்கள். தலைமுடி நிறத்தைச் சொன்னார்கள். ஸ்லீவ் லூக்ராவில் பிறந்த பெரும்புலவர் ஓவன் ரூவா ஓ சூலெவான்; ‘ரூவா’ என்றால் செம்பட்டை. அவர் ஆங்கிலேயக் கடற்படையிலும் இருந்து, 1782இல் கரீபியக் கடலில் நடந்த பெரும்போரைக் கண்டு, அதைப் பற்றி ஆங்கிலத்திலும் பாடினார். பக்திக் கவிஞர் டைக் கேலக் ஓ சூலெவான் இன்னொருவர். குடும்பப் பெயர் அடையாளம் காட்டத் தவறிய இடத்தில் பட்டப்பெயர் காட்டியது.

சில கிளைகள் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டன. பெரிய சூலெவான் கிளையிலிருந்து பிரிந்த ஒரு குடும்பம், துறவி மஹூடாவின் அடியவர் மகன் என்று பொருள்படும் ‘மாக் கில்லா மஹூடா’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் மக்கிலிகடி. அயர்லாந்தின் மிக உயரமான மலைத்தொடருக்கு ஆங்கிலத்தில் அவர்கள் பெயர்தான். ஐரிஷ்காரர்கள் அதைக் கரும்போர்கள் என்று சொல்வார்கள், வைக்கோற்போர் போலக் குவிந்த கரிய மலைகள். சல்லிவன் என்ற எழுத்தே இல்லாத ஒரு சல்லிவன் மலை அது.

பிறகு கடல் கடந்த கதை. கடல் கடந்த ஒவ்வொருவரும் ஓர் எழுத்தை விட்டோ சேர்த்தோ போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்து கிளைவோடு மல்லுக்கட்டிய லாரன்ஸ் சலிவன் அயர்லாந்தில் பிறந்தவர். அவர் தம் பெயரில் ‘எல்’ ஒன்றுதான் எழுதினார். டார்வினோடு பீகிள் கப்பலில் போன அதிகாரி பார்த்தலோமியூ சலிவனுக்கும் ஒரே ‘எல்’. ஹாலிவுட் நடிகை மார்கரெட் சல்லவன் நடுவில் ‘ஐ’க்குப் பதில் ‘ஏ’ போட்டுக்கொண்டார். அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஜான் சல்லிவனின் தந்தை அயர்லாந்திலிருந்து போன பள்ளி ஆசிரியர். நியூயார்க் மாநிலத்திலும் டென்னசியிலும் மகனின் பெயரில் மாவட்டங்களே இருக்கின்றன. பேராவில் அல்லிஹீஸ் செப்புச் சுரங்கத்தில் வேலை படுத்ததும், அந்த ஊர்க்காரர்கள் மொன்டானாவின் பியூட் நகரத்துச் செப்புச் சுரங்கங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பியூட்டிலும் சல்லிவன்கள் பெருகி, அங்கும் பட்டப்பெயர் தேவைப்பட்டது.

இவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தில் லிமரிக்கிலிருந்து வெளியேறிய தம்பதிக்கு 1866இல் மாசசூசெட்ஸில் ஒரு பெண் பிறந்தாள். ஐந்து வயது வாக்கில் டிரகோமா என்ற கண்நோய் வந்து பார்வை மங்கிற்று. தாய் இறந்தாள். 1876இல் அவளையும் தம்பியையும் டியூக்ஸ்பரி ஏழைகள் விடுதியில் விட்டார்கள். தம்பி அங்கேயே இறந்துபோனான். பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்து, அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வை திரும்பி, வகுப்பில் முதல் மாணவியாக வெளியே வந்தாள். 1887 மார்ச் 3 அன்று அலபாமாவில் ஒரு வீட்டு வாசலில் போய் இறங்கினாள். கண்ணும் காதும் இல்லாத ஆறு வயதுக் குழந்தை அங்கே காத்திருந்தது. அந்தக் குழந்தை ஹெலன் கெல்லர். ஆசிரியை ஆன் சல்லிவன். ஹெலனின் உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதி உலகத்தைக் காட்டியவரின் பெயர் ‘கண்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நான் இதற்கு ஏதும் பொருள் கற்பிக்கவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட நாளில் என்னால் மேற்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை.

இதோ, என் கையில் இரண்டு புத்தகங்கள். இரண்டும் 1933இல் முதன்முதலாக வெளிவந்தவை. இரண்டும் ஒரே நூல். கெர்ரிக் கடலோரத்தில் இருக்கும் பெரிய பிளாஸ்கெட் தீவில் வளர்ந்த ஓர் இளைஞரின் தன்வரலாறு. இந்த அட்டையில் முயரிஷ் ஓ சூலெவான் என்று ஐரிஷில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பான இந்த அட்டையில் மாரிஸ் ஓ’சல்லிவன். அவர் சிறு பிள்ளையாக டிங்கிள் ஊரில் இருந்தபோது ஆங்கிலம்தான் பேசினார். தீவுக்கு வந்த பிறகே ஐரிஷ் கற்றார். ஆக, மாரிஸாக இருந்து முயரிஷ் ஆனவரை, மொழிபெயர்ப்பு மறுபடி மாரிஸ் ஆக்கியது. இரண்டு அட்டையும் பொய் சொல்லவில்லை. ஒரே மனிதருக்கு இரண்டு மொழியில் இரண்டு வாழ்க்கை இருந்தது. 1953இல் கடைசி மனிதர்களும் தீவைவிட்டு வெளியேறிவிட்டார்கள். முயரிஷ் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1950இல், கடலில் மூழ்கி இறந்திருந்தார்.

கடைசியாக, பெண்களின் பெயர். இதைச் சொல்லாவிட்டால் அந்த ஆசிரியருக்கு நான் எழுதிய பதில் அரைகுறையாகிவிடும். ‘ஓ’ என்றால் பேரன் என்றேன். ஒரு பெண் எப்படிப் பேரனாக முடியும்? ஐரிஷ் அதை ஒத்துக்கொள்ளாது. பெண்ணுக்கு ‘நீ’ என்ற சொல் முன்னால் வரும். பேரனுடைய மகள் என்று பொருள். நிலைமொழி மாறியதும் வருமொழியின் முதல் எழுத்தும் திரியும். நமக்குப் பழகிய விதிதான். சகரம் அங்கே ஹகரமாகிவிடும். அண்ணன் ஓ சூலெவான், தங்கை நீ ஹூலெவான். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சோனியா ஓ’சல்லிவனை ஐரிஷில் எழுதினால் சோனியா நீ ஹூலெவான். மனைவிக்கு வேறு வடிவம்: பன் ஈ ஹூலெவான், பேரனுடைய மனைவி. ஆங்கிலப் பதிவேட்டில் இந்த மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஒரு பெண் பிறந்த வீட்டுப் பெயரில் இருக்கிறாளா, புகுந்த வீட்டுப் பெயரிலா என்று பெயரே சொல்லிவந்த வேறுபாடு அங்கே சத்தமில்லாமல் அழிந்தது. 2021இல் அயர்லாந்தின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், ஐரிஷில் பெயர் வைத்திருக்கிறவர்களின் பெயரை நெடில் குறியோடு சரியாகப் பதிவது அரசு அலுவலகங்களின் கடமை என்று வந்தது.

அந்த ஆசிரியருக்குக் கடைசியில் இப்படி எழுதினேன்: நான்கில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் ஐயா, ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது ‘ஓ சூலெவான்’ என்று சொல்லிக் காட்டுங்கள்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகு மீண்டும் ஊட்டிக்குப் போனேன். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் அதே மேடு. தாய்க்கும் மகளுக்கும் அங்கே ஒரே குடும்பப் பெயர். அந்தப் பெயருக்குரிய மொழியில் அப்படி இருக்க முடியாது. தாயின் கல்லருகே நின்று ‘பன் ஈ ஹூலெவான்’ என்று சொன்னேன். மகளிடம் ‘நீ ஹூலெவான்’ என்றேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “என்னங்க சொல்றீங்க?” என்று கேட்டார். “இவங்க பேருதாம்மா” என்றேன்.